எங்கள் அணையை வெட்டிய காலை

பக்கவாதத்தில் விழுந்த பிறகு என் கணவரிடம் மிஞ்சியவை ஐந்தாறு சொற்கள்தான். வா, போ, இல்ல, வலி, தண்ணி. அவர் "தண்ணி" என்றால் குடிக்கக் கேட்கிறார் என்று நினைத்து மருத்துவமனைத் தாதிகள் குவளையை நீட்டுவார்கள். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவர் கேட்பது எங்கள் அணையின் தண்ணீரை. இன்றைக்கு எந்த மட்டத்தில் நிற்கிறது என்று தெரிய வேண்டும் அவருக்கு.

"நேத்து மாதிரிதாங்க இருக்கு. மேல ஒரு சாண் காலி" என்பேன்.

அதற்குப் பிறகுதான் கண்ணை மூடுவார்.

அணை என்றதும் பெரிய கான்கிரீட் சுவரை நினைத்துவிட வேண்டாம். ஈப்போவிலிருந்து அரை மணி நேரம் காரில் போனால், முன்பு கித்தாத் தோட்டமாக, அதாவது ரப்பர்த் தோட்டமாக, இருந்த நிலத்தில், இரண்டு மேடுகளுக்கு நடுவே ஓடிய சிற்றோடையை மறித்துப் போட்ட செம்மண் கரை அது. தோட்டத்து ஆலையில் கித்தாப் பாலை உறைய வைத்துத் தகடு போடத் தண்ணீர் வேண்டுமென்று எந்தக் காலத்திலோ கட்டியிருக்கிறார்கள். கரை இரண்டு ஆள் உயரம் இருக்கும். மேலே ஒரு கார் போகலாம். மழையில் தண்ணீர் ஏறினால் வழிந்து ஓட ஓரத்தில் ஒரு கால்வாய். தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றார்கள், கித்தா மரங்களை வெட்டி எண்ணெய்க்கான செம்பனை நட்டார்கள், ஆலை இடிந்து விழுந்தது, தொழிலாளர்கள் குடியிருந்த லயங்கள் காலியாயின. கரையும் அது தேக்கிய தண்ணீரும் மட்டும் யாரும் கேட்பாரில்லாமல் கிடந்தன.

என் கணவர் அந்த லயத்தில் பிறந்தவர். அங்கேதான் நீச்சல் கற்றார். பெரியவரானதும் கமுந்திங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குப் போய், பணி ஓய்வு வரைக்கும் இயந்திரங்களைப் பழுது பார்த்தார். ஓய்வு பெற்ற ஆண்டில், அந்தத் துண்டு நிலம் விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டு என்னிடம் வந்து நின்றார்.

"அங்க என்ன இருக்குன்னு வாங்கப் போறீங்க? வீடு கட்ட முடியாது, மரம் நட முடியாது" என்றேன்.

"தண்ணி இருக்குலா" என்றார்.

எனக்கு அது பிடிக்கவில்லை. நான் பாகான் டத்தோ பக்கம் தென்னந்தோட்டத்தில் வளர்ந்தவள். எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மண் கரைதான் இருந்தது. ஒரு பெரிய அலைக் காலத்தில் அது உடைந்து, உப்புத் தண்ணீர் அடுப்படிவரை வந்ததைப் பார்த்திருக்கிறேன். அம்மா எங்களை மேசைமேல் ஏற்றி நிற்க வைத்தார். கோழிகள் எல்லாம் செத்தன. கரை போட்டு நிறுத்திய தண்ணீருக்குப் பக்கத்தில் எனக்கு நிம்மதியாக உட்கார வராது. ஆனால் அவர் முகத்தில் அன்றைக்கு இருந்த ஆசையைப் பார்த்த பிறகு வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

வாங்கினோம். புதர் வெட்டினோம். நான்கு பக்கமும் திறந்த அத்தாப்பு ஓலைக் குடில்களைத் தண்ணீர் ஓரமாகப் போட்டார். தீலாப்பியா, பாத்தின் மீன்குஞ்சுகள் வாங்கித் தண்ணீரில் விட்டார். மிதிக்கிற படகு ஒன்றை எங்கிருந்தோ பழையதாக லோரியில் ஏற்றி வந்தார். அன்னப்பறவை உருவத்தில் செய்தது. கழுத்தில் விரிசல் இருந்ததால் அது எப்போதும் கொஞ்சம் குனிந்தே இருக்கும். ஒரு பலகைக் கொட்டகையில் நான் சாப்பாட்டுக் கடை போட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இடம் நிறைந்துவிடும். மலாய்க் குடும்பங்கள் பாய் விரித்துப் பிள்ளைகளின் பிறந்தநாளைக் கொண்டாடுவார்கள். நம் பசங்கள் ஆட்டுக்கறி சமைத்துப் பாட்டுப் போடுவார்கள். சீனக் கிழவர்கள் எதையும் காதில் வாங்காமல் தூண்டிலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள்.

அந்தச் சீனர்களில் ஒருவர் என் கணவருக்குச் சிறு வயதுத் தோழர். தோட்டத்து மளிகைக் கடைக்காரரின் மகன். லயத்துப் பிள்ளைகளோடு வளர்ந்ததால் எங்களைவிட நன்றாகத் தோட்டத்துத் தமிழ் பேசுவார். இருவரும் ஒருவரையொருவர் மச்சான் என்றே கூப்பிட்டுக்கொள்வார்கள். கூட்டம் இல்லாத புதன்கிழமைகளில் ஈப்போவிலிருந்து வந்துவிடுவார். இருவரும் பேசாமலே பகல் முழுக்க உட்கார்ந்திருப்பார்கள்.

காலையில் போனதும் என் கணவர் செய்கிற முதல் வேலை, கரையின் அடிவாரத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடப்பது. கரையில் முளைத்த செடி மரமாகிவிடக் கூடாது, வேர் உள்ளே போய்க் கரையைப் பிளக்கும் என்று பிடுங்கிப் போடுவார். உடும்பு வளை தெரிந்தால் மண்ணை இடித்து அடைப்பார். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலில்தான் நடப்பார். ஈரம் கால்தான் முதலில் சொல்லும் என்பார்.

ஒரு ஞாயிறு மாலை, படகைக் கட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். வலது கையும் வலது காலும் போயின. பேச்சும் போனது. புத்தி மட்டும் தெளிவாக இருந்தது. நாம் சொல்வது அத்தனையும் அவருக்குப் புரியும்.

ஈப்போவில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் உடற்பயிற்சி சிகிச்சைக்குக் கூட்டிப் போவேன். பயிற்சி கொடுத்த பெண், "அங்கிள், நடக்க ஆரம்பிச்சதும் முதல்ல எங்க போகணும்?" என்று கேட்டாள்.

"தண்ணி" என்றார்.

அதன் பிறகு அவர்களின் பயிற்சியெல்லாம் அதை வைத்துத்தான். சிகிச்சை நிலையத்து நீண்ட நடைபாதையின் இந்தக் கோடி எங்கள் நிலத்துக் கேட்டு, அந்தக் கோடி கரை என்று வைத்துக்கொண்டார்கள். கைப்பிடிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, வியர்த்து வழிந்து, ஒரு காலை இழுத்து இழுத்து அவர் கரைக்குப் போவார். பாதி வழியில் உட்கார்ந்துவிடுகிற நாளும் உண்டு. முழுவதும் போய்த் தொட்டுவிட்ட நாளில் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். உதட்டின் ஒரு பக்கம் மட்டுமே ஏறுகிற சிரிப்பு அது. வீட்டுக்கு வந்து சமையலறையில் நின்று அழுதேன், சந்தோஷத்தில்.

அந்தக் காலத்தில் இடத்தை நான்தான் பார்த்துக்கொண்டேன். காலையில் பக்கத்து வீட்டு அக்காவை அவரோடு விட்டுவிட்டுக் காரை ஓட்டிக்கொண்டு போவேன். அவர் நடந்த மாதிரியே அடிவாரத்தில் நடப்பேன். செருப்போடுதான். ஒரு நாள் கரையின் நடுப்பகுதியில் புல் மட்டும் தனிப் பச்சையாக இருந்தது. குனிந்து பார்த்தேன். பெருவிரல் பருமனில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது.

மாவட்ட அலுவலகத்தில் சொன்னேன். அவர்கள் மூலம் ஒரு பெண் பொறியாளர் வந்தார். என் மகள் வயதுதான் இருக்கும், மலாய்ப் பெண், முழங்கால்வரை பூட்ஸ் போட்டுக்கொண்டு கரை முழுக்க ஏறி இறங்கினார். கரைக்குள் பதித்திருந்த பழைய இரும்புக் குழாயைத் தேடிப் பிடித்தார். அதைத் திறந்து தண்ணீரைக் குறைக்கலாம் என்று பார்த்தால், திருகு துருப்பிடித்து அசையவில்லை. குழாயை ஒட்டித்தான் கசிவு என்று சொன்னார்.

"அக்கா, தினமும் ஒரு வெள்ளை மங்குக் கிண்ணத்தில் இந்தத் தண்ணீரைப் பிடித்துப் பாருங்கள்" என்றார் மலாயில். "தெளிவாக இருக்கும்வரை நமக்கு நேரம் இருக்கிறது. கலங்கி வந்தால், கரை உள்ளுக்குள்ளே அரிபட்டுக் கரைந்து வருகிறது என்று அர்த்தம். உடனே எனக்குப் போன் செய்யுங்கள். யாரையும் இனிமேல் உள்ளே விட வேண்டாம்."

கேட்டைப் பூட்டினேன். பம்பு வைத்துத் தண்ணீரை இறைத்தோம். ஆனால் மழைக்காலம் தொடங்கிவிட்டது. பகலில் இறைத்ததை ஒரு மழை நிரப்பிவிடும். கசிவைப் பற்றி என் கணவரிடம் சொன்னேன். மங்கில் பிடித்ததைப் படம் எடுத்துக் காட்டுவேன். கைத்தொலைபேசியை முகத்துக்கு நெருக்கமாக வைத்துப் பார்ப்பார். தெளிவு என்றால் இடது கட்டைவிரலைத் தூக்குவார்.

கரைக்குக் கீழே, ஓடை போகிற வழியில், லயத்தைக் காலி செய்தவர்களுக்குக் கட்டிக் கொடுத்த வீடுகள் இரண்டு வரிசை இருந்தன. கூடவே ஒரு பாலர் பள்ளி. முதல் வீடு, ஞாயிற்றுக்கிழமைகளில் என் கடையில் உதவிக்கு வருகிற பெண்ணுடையது. அவள் சமையலறைச் சன்னலைத் திறந்தால் எங்கள் கரைதான் தெரியும்.

ஒரு வாரம் விடாமல் பெய்த மழை ஓய்ந்த காலையில் மங்கைப் பிடித்தேன். பால் குறைவாக ஊற்றிய தேத்தண்ணி மாதிரி இருந்தது. கொட்டிவிட்டு மறுபடி பிடித்தேன். அதே நிறம். மங்கின் அடியில் மண் படிந்தது.

பொறியாளருக்குப் போன் செய்தேன். பிறகு சரிவில் விழுந்தடித்து இறங்கி முதல் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"வாங்கக்கா, பசியாறிட்டீங்களா?" என்றாள் அவள், கையில் கரண்டியோடு.

"அடுப்ப அணைச்சிட்டுப் புள்ளைங்கள கூட்டிக்கிட்டு வெளிய வா. டேம் உடைஞ்சாலும் உடையும்."

"என்னக்கா சொல்றீங்க?"

"கேள்வி கேக்காதம்மா. வா."

அவள் வந்துவிட்டாள். எல்லாரும் அப்படி வரவில்லை. நாங்கள் வீடு வீடாகப் போனோம். சிலர் பீரோவைத் திறந்து எதை எடுப்பது என்று தெரியாமல் நின்றார்கள். என் கணவரோடு லயத்தில் வளர்ந்த ஒருவர் வாசலில் நின்று என்னைத் திட்டினார்.

"எங்க அப்பன் காலத்திலேருந்து நிக்குது அது. அண்ணே நல்லா இருந்தா இப்படி ஊரப் பயமுறுத்துவாரா? ஒனக்கு என்ன தெரியும், நீ வெளியூர்க்காரி."

எனக்குக் கோபம்கூட வரவில்லை. மேசைமேல் எங்களை ஏற்றிவிட்டு அம்மா இடுப்பளவு தண்ணீரில் நின்றது நினைவுக்கு வந்தது. "அண்ணே நான் வெளியூர்க்காரிதான். உங்க பேரப்புள்ளைய மட்டுமாவது என்கிட்ட குடுத்திருங்க" என்று கை நீட்டினேன். அவர் என்னையே பார்த்தார். பிறகு பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார்.

எல்லாரையும் மேட்டிலிருந்த கோயில் மண்டபத்தில் தங்க வைத்தார்கள். தீயணைப்பு வண்டி வந்தது. பொறியாளர் கசிவைப் பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார். கசிவின் வாயில் சல்லியும் மணல் மூட்டையும் போட்டு மண் கரைவதைக் கொஞ்சம் தாமதப்படுத்தலாம் என்றார். அது ஒரு நாள் தாங்கும். அதற்குள் ஆளை வைத்து, கரையின் ஓரத்தில், கெட்டித் தரை இருக்கிற பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினால், கீழே யாருக்கும் ஆபத்தில்லாமல் தண்ணீரை விட்டுவிடலாம். அதுவாக உடைந்தால் ஒரே மூச்சில் எல்லாம் போய்விடும்.

"வெட்டினால் பிறகு கட்ட முடியுமா?" என்று கேட்டேன்.

அவர் பொய் சொல்லவில்லை. "இல்லை அக்கா. இந்த இடத்தில் இனிமேல் அனுமதி கிடைக்காது" என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

அனுமதிக்காக என் கணவரிடம் போக வேண்டிய அவசியம் யாருக்கும் இருக்கவில்லை. உயிர் ஆபத்து என்றால் அவர்களே வெட்டலாம். ஆனால் அவருக்குத் தெரியாமல் அந்தக் கரையில் ஒரு கைப்பிடி மண்ணை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஈப்போவுக்கு ஓட்டிக்கொண்டு வந்தேன். கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் சேலையெல்லாம் சேறு.

"தண்ணி?" என்றார்.

"கலங்கி வருதுங்க."

படத்தைக் காட்டினேன். வழக்கம்போல் முகத்துக்கு நெருக்கமாக வாங்கிப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். போனை நெஞ்சுமேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். நான் பொறியாளர் சொன்னதை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். மறுபடி கட்ட முடியாது என்பதையும் சொன்னேன். அவர் கண்ணோரம் ஈரம் இறங்கிக் காதுக்குள் போனது. துடைத்துவிட்டேன்.

அவர் வாய் எதையோ தேடியது. உதடு கோணி, நாக்கு புரளாமல், மூச்சை மட்டும் விட்டு விட்டு இழுத்தார். எனக்குப் பயமாகிவிட்டது. "வேணாங்க, சொல்ல வேணாம்" என்றேன். தலையை ஆட்டினார். மறுபடி முயன்றார். பக்கவாதம் வந்த நாளிலிருந்து அவர் வாயில் வராத ஒரு சொல் அது.

"வெட்டு."

மறுநாள் காலை தானும் வர வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தார். மகள் ஜொகூரிலிருந்து போனில், "அப்பாவ கூட்டிட்டுப் போகாதீங்கம்மா, தாங்க மாட்டாரு" என்று அழுதாள். கூட்டிப் போனேன். மேட்டில் காரை நிறுத்தி, சக்கர நாற்காலியில் உட்கார வைத்தோம். அவருடைய மச்சான் முன்னாலேயே வந்து நின்றிருந்தார். கூடவே புதன்கிழமைக் கூட்டாளிகள் எல்லாரையும் வலைகளோடும் நீலத் தொட்டிகளோடும் கூட்டி வந்திருந்தார். மீன்களைக் காப்பாற்றி வேறு குளங்களுக்குக் கொண்டுபோக.

மண்வாரி இயந்திரத்தை ஓட்டுகிறவர் நம்மவர்தான், நடுத்தர வயது. இறங்கி நேராக என் கணவரிடம் வந்து குனிந்தார்.

"அண்ணே, ஆரம்பிக்கலாமாண்ணே?"

என் கணவர் இடது கையைத் தூக்கினார்.

முதல் வாரலில் புல்லோடு செம்மண் வந்தது. அடுத்தடுத்து வர, ஒரு நேரத்தில் தண்ணீர் அந்த வெட்டைக் கண்டுகொண்டது. முதலில் ஒரு நூல் மாதிரி போனது. பிறகு சத்தத்தோடு போனது. பொறியாளர் கையைக் காட்டினால் இயந்திரம் நிற்கும், மறுபடி காட்டினால் இன்னும் கொஞ்சம் ஆழமாக எடுக்கும். அப்படியே பகல் முழுக்கப் போனது. கீழே ஓடை கரை புரண்டாலும் எந்த வீட்டுப் படியையும் தொடவில்லை.

என் கணவர் கண்ணை எடுக்காமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். மதியம் கஞ்சி கொடுத்தேன், வாயைத் திறக்கவில்லை. தண்ணீர் வற்ற வற்ற அடியிலிருந்து கரேலென்று சேறு தெரிந்தது. அணை கட்டுவதற்கு முன்னால் வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகள் வரிசையாக நின்றன. பாத்தின் மீன்கள் சேற்றில் புரண்டன. மச்சான் இடுப்பளவு சேற்றில் இறங்கி ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொடுத்தார். அந்த வயதில் அவர் அதைச் செய்திருக்கக் கூடாது. கொஞ்ச நேரம் கழித்து மேலே ஏறி வந்து, சேற்றுக் கையோடு என் கணவர் காலடியில் தரையில் உட்கார்ந்தார்.

"பெரிசெல்லாம் எடுத்தாச்சு மச்சான்" என்றார். "ஒண்ணும் சாகல." என் கணவரின் செத்துப்போன வலது கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

சில நாள் கழித்துக் கரையைக் கீழேவரை தோண்டியபோது பொறியாளர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பழைய குழாயை ஒட்டி, உள்ளே ஒரு பொந்து. என் கையைத் தோள்வரை விட முடிந்தது. வெட்டியிருக்காவிட்டால் அந்த வாரத்தைத் தாண்டியிருக்காது என்றார். என்னைத் திட்டியவரும் வந்து குனிந்து பார்த்தார். அன்று மாலை அவர் வீட்டிலிருந்து எங்களுக்குச் சோறும் கோழிக்கறியும் பொட்டலம் கட்டி வந்தது.

அந்தப் பொந்தைப் பற்றி என் கணவரிடம் சொன்னேன். "நீங்க சொன்ன ஒரு வார்த்தையில அத்தன புள்ளைங்களும் பொழச்சிச்சுங்க" என்றேன். தலையாட்டினார். அவருக்குத் தெரியும். நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமென்றில்லை.

ஆனால் அடுத்த முறை சிகிச்சைக்குப் போனபோது அவர் கைப்பிடிச் சட்டத்தைத் தொடவில்லை. "அங்கிள், கேட்டுலேருந்து கரை வரைக்கும் போலாமா?" என்று பழக்கத்தில் கேட்டுவிட்டு அந்தப் பெண் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"இல்ல" என்றார் அவர்.

வேறு இடம் சொல்லிப் பார்த்தோம். ஈப்போ பாசார், கோயில், மகள் வீடு. எதற்கும் அவர் எழவில்லை. கெஞ்சினேன். ஒரு நாள் சத்தம்கூடப் போட்டேன். "எனக்காகவாவது எந்திரிச்சு நிக்க மாட்டீங்களா?" என்று கேட்டேன். என்னைப் பார்த்த பார்வையில் கோபமில்லை, வருத்தம்கூட இல்லை. மன்னிப்புக் கேட்கிற மாதிரி இருந்தது. அதைப் பார்த்த பிறகு நான் கேட்கவில்லை. "தண்ணி" என்ற சொல்லையும் அவர் விட்டுவிட்டார். தாகம் எடுத்தால் குவளையைக் கையால் காட்டுவார்.

அடுத்த மழைக்காலம் வருவதற்குள் அவர் போய்விட்டார். இரண்டாவது பக்கவாதம் என்றார் மருத்துவர். அப்படித்தான் இருக்கும். மருத்துவம் படித்தவர் சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவரோடு ஒரே வீட்டில் இருந்தவள் நான். அவர் எந்த நாளிலிருந்து போக ஆரம்பித்தார் என்பது எனக்குத் தெரியும். அந்த நாளை மறுபடி கொடுத்தாலும் நாங்கள் இருவரும் அதையேதான் செய்திருப்போம். அதுதான் எனக்கு ஆறவே மாட்டேனென்கிறது. யாரைக் கோபித்துக்கொள்வது?

அவருடைய போனை நான் இன்னும் நிறுத்தவில்லை. நிலத்துக் கேட்டில் தொங்குகிற பலகையில் அந்த எண்தான் இருக்கிறது. அவ்வப்போது யாராவது கூப்பிட்டு ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா என்பார்கள். மூடிவிட்டோம் என்று சொல்லி வைத்துவிடுவேன்.

போன மாதம் ஒரு மலாய்ப் பெண் கூப்பிட்டார். மகனுடைய பிறந்தநாளை ஒவ்வோர் ஆண்டும் அங்கேதான் வைப்பார்களாம். இரண்டு மூன்று ஆண்டு வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்திருக்கிறார்கள். குடில் கிடைக்குமா என்று கேட்டார். அணை இல்லை என்றேன். "ஐயோ" என்றார். பிறகு என் கணவரைப் பற்றி, "பாக் சிக் எப்படி இருக்கிறார்? என் மகனைப் படகில் உட்கார வைத்துத் தண்ணீரில் நடந்தே தள்ளிக்கொண்டு போவாரே" என்று கேட்டார்.

இறந்துவிட்டார் என்று சொன்னேன். அந்தப் பக்கம் அந்தப் பெண் அழுவது கேட்டது. அவர் முகம் எனக்கு நினைவில்லை. எத்தனையோ குடும்பங்கள் வந்து போயின, அதில் எது என்று எப்படித் தெரியும்? ஆனாலும் நான் போனை வைக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவரோடு சேர்ந்து நானும் அழுதேன்.